ஊருக்குச் சீனி இல்லை, எனக்குச் சீனி வருத்தம்

"எங்க, காலைக் காட்டுங்க பாப்பம்" என்று கேட்காத ஆள் காத்தான்குடியில் இனி ஒரே ஒருத்தர்தான் மிச்சம். அவரும் கொழும்புக்குப் போய்விட்டார். பள்ளிவாசல் படியில் கேட்கிறார்கள். மீன் வாங்கப் போனால் கேட்கிறார்கள். நேற்று நாவிதன் பாதித் தலையை மழித்துவிட்டுக் கத்தியும் கையுமாக நின்று கேட்கிறான். நான் எத்தனை பேருக்குச் செருப்பைக் கழற்றுவது? அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் காலைச் சும்மா விடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

என் பெயர் மீராசாகிபு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். ஊருக்கு நான் பாணிக்காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். சீனியையோ சக்கரைக் கட்டியையோ தண்ணீரில் காய்ச்சி எடுக்கும் பாகைத்தான் நாங்கள் பாணி என்கிறோம். கலியாண வீடு, கந்தூரி, பெருநாள் என்று எங்கே தொதல், மஸ்கட் என்று இனிப்புக் கிண்டினாலும் அந்தப் பெரிய தாச்சிச் சட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். பாணியின் பதம் பிழைத்தால் தொதல் நாலாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். என் விரல் பட்ட தொதல் நாற்பது நாள் இருந்தாலும் அப்படியே இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தச் சீனி வருத்தம், நோயைத்தான் அப்படிச் சொல்வோம், தாகமாகத்தான் தொடங்கியது. அடுப்படியில் நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று நான் கணக்கெடுக்கவில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பேன், குடித்த கையோடு வெளியே போவேன். உடம்பு வற்றிக்கொண்டு வந்தது. சாரத்தை இறுக்கிக் கட்ட வேண்டியதாகிவிட்டது. வேலி ஓரத்தில் நான் நீர் விட்ட இடத்துக்கு எறும்பு சாரிசாரியாக வந்தது. அதைப் பார்த்த என் பெண்சாதி ஆசியா, "இஞ்சாருங்க, இது நல்லாப் படல்ல. டொக்டரிட்டக் காட்டுங்க" என்றாள்.

"எறும்புக்குத் தெரியுது நான் ஆரெண்டு" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அல்லாஹ் பிறகு நன்றாகத்தான் பதில் தந்தான்.

ஒரு கலியாண வீட்டில் தொதல் கிண்டிக்கொண்டு நிற்கிறேன். இறுகி வருகிற நேரம், அகப்பையை விட முடியாது. திடீரென்று ஒரு வாடை. "ஆரு இந்த நேரத்தில கருவாடு சுடுற? தொதல்ல வாடை ஏறப் போகுது!" என்று சத்தம் போட்டேன். பெண்ணின் வாப்பா ஓடி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார். "காக்கா! உங்கட கால்!" என்று கத்தினார். அடுப்பிலிருந்து விழுந்த தணலின் மேல் என் வலது கால் நின்றது. கருகினது என் சின்ன விரல். எனக்கு ஒரு துளி நோவு கூட இல்லை. நோகாத காலைப் பார்த்தால் வருகிற பயம் இருக்கிறதே, அது நோகிற காலில் வராது.

பச்சிலை வைத்துக் கட்டினோம். புண் ஆறவில்லை, ஊறிக்கொண்டு போனது. விரல் கறுத்து, மணக்கத் தொடங்கியதும் ஆசியா என்னைக் கேட்கவில்லை. மாட்டுக் கரத்தையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறுங்க" என்றாள். அப்படித்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்து மனிசன். மெல்லிய ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் கருணை கொஞ்சம் குறைவு, கையில் நிறைய. காலைப் பார்த்தார், பிறகு ஒரு போத்தலைத் தந்து நீர் விட்டு வரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீல மருந்து ஊற்றினார். மயில் கழுத்து மாதிரி நல்ல நீலம். அதில் என் நீரில் சில துளிகளை விட்டு, ஸ்பிரிட்டு விளக்கில் பிடித்துச் சூடாக்கினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் சிவந்து, கடைசியில் ஓட்டுக் கூரையின் நிறத்துக்கு வந்து நின்றது.

"சீனி" என்றார் டொக்டர். "சலரோகம். நீலமாய் நிண்டால் சீனி இல்லை. பச்சை எண்டால் கொஞ்சம். உமக்குச் செங்கட்டி நிறம். இதுக்கு மேலை நிறம் இல்லைக் காணும்."

பிறகு விளங்கச் சொன்னார். தின்கிற சாப்பாடு உடம்புக்குள் சீனியாக மாறுமாம். அதை எரித்துப் பலமாக்க வயிற்றின் பின்னால் இருக்கிற ஒரு சுரப்பி ஒரு சாற்றைச் சுரக்க வேண்டுமாம். என் சுரப்பி களைத்துப் போயிற்று. எரியாத சீனி இரத்தத்தில் நின்று, மிஞ்சினது நீரோடு போகிறது. நரம்பு மரத்துப்போவதும், நெருப்பு சுட்டது தெரியாமல் போனதும், புண் ஆறாததும் எல்லாம் அதனால்தான். அந்தச் சாற்றை மருந்தாக ஊசியில் ஏற்றலாம், அதற்குப் பெயர் இன்சுலின். ஆனால் உலகச் சண்டைக் காலம். கப்பல் வந்தால்தான் அதுவும் வரும். அதனால் இருக்கிறதைக் கொண்டு சமாளிக்க, வாயைக் கட்ட வேண்டும்.

"என்ன இனிப்புச் சாப்பிடுறீர்?" என்று கேட்டார்.

"ஐயா, சீனியக் கண்ணால கண்டு எத்தின மாசம்!" என்றேன். பொய் இல்லை. வெள்ளைச் சீனி முழுக்கக் கடல் கடந்து வருகிற சாமான். சண்டையோடு கப்பலும் குறைந்தது, சீனியும் குறைந்தது. கூப்பனுக்குத் தருகிற சீனியை உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியாது. அதற்கும் வெயிலில் வரிசை.

டொக்டர் விடவில்லை. "சீனி எண்டு வெள்ளையாய் வாறதை மட்டும் கேக்கேல்லை. தேத்தண்ணி எப்பிடிக் குடிக்கிறீர்?"

"வெறுந்தேத்தண்ணிதான் ஐயா. ஒரு துண்டு சக்கரையக் கடிச்சிக்கிட்டு."

"ரொட்டிக்கு?"

"தேன். காட்டால வாறது, சுத்தமான சாமான்."

"பால்?"

"டின்பால் கிடைச்சா ரெண்டு கரண்டி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சக்கரையும் சீனி, பனங்கட்டியும் சீனி, கித்துள் பாணியும் சீனி, தேனும் டின்பாலும் சீனி, உடம்புக்கு நிறம் தெரியாது என்றார். ஆசியா கதவடியில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கை முழுவதும் இனிப்பைக் காய்ச்சின எனக்கு, எது இனிப்பென்று அன்றைக்குத்தான் ஒரு யாழ்ப்பாணத்து மனிசன் சொல்லித் தந்தான்.

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "இரண்டு கிழமை தாறன். இந்தக் குழாய் நீலத்துக்கு வரவேணும், புண் காயவேணும். அப்பிடியெண்டால் அந்தச் சின்ன விரலோடை போகும். இல்லாட்டி முழங்காலுக்குக் கீழை எடுக்கவேண்டி வரும். பிறகு என்னைக் குறை சொல்லாதையும்."

முழங்காலுக்குக் கீழே! தாச்சியில் தொதல் இறுகும்போது வலது காலை ஊன்றித்தான் அகப்பையை இழுக்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று எதைக் கிண்டுவது? தொழுகைக்கு எப்படி நிற்பது? ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு மனிசன் கக்கத்தில் தடியை வைத்து, ஒரு பக்கச் சாரம் காற்றில் ஆட நடந்து போனார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பயந்தேன். ஓம், நன்றாகப் பயந்தேன். அதை மறைத்து எனக்கு என்ன வரப் போகிறது?

அந்த நிமிசமே மனதில் நிய்யத்து வைத்தேன். இன்றையிலிருந்து இனிப்புக்கு நோன்பு. நோன்பை எப்படிப் பேணுவேனோ அப்படிப் பேணுவேன். இந்த நிய்யத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், என் காலுக்கு வினையாக வந்ததே இதுதான்.

என் கட்டில் வாவிப் பக்க யன்னலோரம். அடுத்த கட்டிலில் பெரியகல்லாற்று மீன்காரன் கணபதி, தோணி கவிழ்ந்து விலா எலும்பு வெடித்த ஆள். சிரித்தால் நோகும், ஆனால் சிரிக்காமல் இருக்கத் தெரியாது. வாட்டுக்குப் பொறுப்பான நர்ஸை மிசி என்போம்; அவள் மட்டக்களப்புப் பறங்கிப் பெண். சட்டை வெள்ளை, தமிழ் எங்கள் தமிழ்தான். காலையும் பின்னேரமும் கண்ணாடி ஊசியை அவித்து எடுத்து வந்து வயிற்றில் குத்துவாள். புண்ணை ஊதா மருந்துத் தண்ணீரால் கழுவுவாள். "மிசி, நோகுதில்ல" என்பேன். "நோகட்டும் எண்டு துஆக் கேளுங்க காக்கா. நொந்தாத்தான் கால் உயிரோட இரிக்கி" என்பாள். யாரும் நோவைத் தா என்று துஆக் கேட்டதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

முதல் கிழமை எனக்குக் காய்ச்சலும் இருந்தது. ஆசியாவைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் ஓலைக்கூடையில் குரக்கன் ரொட்டியும், பாவற்காயும், மீனாணக் குழம்பும், வெந்தயம் ஊறவைத்த தண்ணீரும் கொண்டுவருவாள். விடிந்ததும் மிசி குழாயைச் சூடாக்குவாள். நான் கட்டிலில் எழுந்திருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பு செம்மஞ்சளுக்கு வந்தது. செம்மஞ்சள் மஞ்சளுக்கு வந்தது. ஏழாம் நாள் பச்சை! "காக்கா, நாளைக்கோ நாளண்டைக்கோ நீலம்" என்றாள் மிசி. புண்ணின் ஓரம் சிவந்து, உயிர்ச் சதை தெரிந்தது. கணபதி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எட்டாம் நாள் காய்ச்சல் விட்டதால், பின்னேரம் ஆட்களை விட்டார்கள். ஊரே வந்தது. நோயாளியைப் பார்ப்பது எங்களுக்குக் கடமை, வந்து சலாம் சொல்லி, துஆச் செய்து, நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அடுத்த நாள் விடிய, குழாய் மஞ்சள். அதற்கடுத்த நாள் செம்மஞ்சள். மூன்றாம் நாள் செங்கட்டி.

டொக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து என்னையும் பார்த்தார், அதையும் பார்த்தார். "என்ன காணும்? நாடே சீனிக்கு வரிசையிலை நிக்குது. உமக்கு மட்டும் எங்கையிருந்து வருது?"

"அல்லா மேல ஆணையா ஐயா, நான் ஒண்டும் தின்னல்ல."

"அப்ப ஆரோ தாறினம். கூட்டு மருந்து, கசாயம் எண்டு ஏதாவது?"

அவர் போன பிறகு என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும். நான் தின்னவில்லை என்பது எனக்கு நிச்சயம். வெளிச் சாப்பாடு ஆசியாவின் கையால் மட்டும்தான் வருகிறது. அப்படியென்றால் அவள்தான்! என் வாய்க்குப் பாவற்காய் கசக்கும் என்று இரக்கப்பட்டு ஒரு துண்டு சக்கரையைப் போட்டிருப்பாள். வெந்தயத் தண்ணீரில் தேன் விட்டிருப்பாள். நினைக்க நினைக்க அது உண்மையாகவே ஆகிவிட்டது.

அன்றைக்குப் பின்னேரம் அவள் வந்து கூடையை வைத்ததும், "மிசி, இவட கூடையக் கொஞ்சம் பாருங்க" என்றேன். வாட்டில் எல்லாக் கட்டிலும் திரும்பியது. மிசிக்கு விருப்பமில்லை, ஆனால் டொக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ரொட்டியைப் பிய்த்தாள், தண்ணீரை நாவில் வைத்துப் பார்த்தாள், கசப்பில் முகம் சுளித்தாள். ஒன்றும் இல்லை. கூடையின் அடியில் ஒரு வெள்ளைத் துணி மடித்துக் கிடந்தது, என் காலைத் துடைக்கக் கஞ்சி போடாமல் அலசிக் கொண்டுவந்தது.

ஆசியா கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். சாமான்களைத் திரும்ப அடுக்கினாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். நான் இருப்பது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. இருபது வருசமாக அவள் கையால் தின்கிறேன். அந்தக் கையை நாலு பேருக்கு முன்னால் கள்ளக் கையாக்கினேன். அடுத்த நாளிலிருந்து அவள் வாட்டுக்குள் வரவில்லை. வெறுங்கையோடு வந்து வாசல் வாகை மரத்தின் கீழ் இருந்துவிட்டு, என் சுகத்தை மிசியிடம் கேட்டுக்கொண்டு போவாளாம். எனக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும்.

குழாய் அப்போதும் செங்கட்டிதான்.

சின்ன விரலுக்கு அடுத்த விரலும் கறுக்கத் தொடங்கியது. டொக்டர் காலைச் சுற்றி விரலால் ஒரு கோடு காட்டி, "இன்னும் நாலு நாள்" என்றார். அவள் இல்லையென்றால் யார்? சாப்பாடு இல்லாமல் சீனி எப்படி வரும்? எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்களோ என்று கூடப் பட்டது. கணபதியிடம் சொன்னேன். "உங்கட காலுக்குச் செய்வினை வெச்சு ஆருக்குக் காக்கா லாபம்? எல்லாருக்கும் தொதல் வேணுமே" என்றான்.

அவன் சொன்னது மெய். கலியாணக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னே வெள்ளைச் சீனியில் பாணி காய்ச்சியவர்கள் எல்லாரும் இப்போது கிடைத்ததில் காய்ச்ச வேண்டிய நிலை. ஒருத்தி சக்கரையில், ஒருத்தி பனங்கட்டியில், ஒருத்தி தேனில், இன்னொருத்தி மூன்றையும் கலந்து. பதம் பிடிபடவில்லை. பார்த்துச் சொல்லப் பாணிக்காக்கா ஊரில் இல்லை. அதனால் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையோடு ஒரு சிமிழில், ஒரு சிரட்டையில், வாழையிலைத் துண்டில் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். தின்ன இல்லை! என் வருத்தம் எல்லாருக்கும் தெரியும். "நீங்க தின்ன வேணா காக்கா, பதத்த மட்டும் சொல்லுங்க" என்பார்கள்.

அன்றைக்கு எங்கள் ஊர் ஹாஜரா ராத்தா, எனக்கு அக்கா முறை, வந்திருந்தாள். மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். மூடிச் சட்டியில் தொதல் கொண்டுவந்தாள், கூடவே ஒரு போத்தலில் பாணி. நான் பாணியை விரலில் தொட்டு, கம்பி இழுக்குதா என்று பார்த்து, நாவில் வைத்தேன். "கொஞ்சம் கடுத்திரிக்கி. அடுப்பு கூடிட்டுது." இன்னொரு தரம் தொட்டு வைத்தேன். "உப்புக் கரிக்கிது, பனங்கட்டிய வடிக்காமப் போட்டிரிக்கீங்க ராத்தா." பிறகு தொதலில் ஒரு விள்ளல், எண்ணெய் பிரிந்த பக்கத்தில் ஒரு விள்ளல்.

நிமிர்ந்தால், காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழலைக் கையில் பிடித்தபடி மிசி நிற்கிறாள். வாய் திறந்தபடி.

"காக்கா! என்ன செய்யிறீங்க?"

"ருசி பாக்கிறன் மிசி" என்றேன். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. ஒளிக்க அதில் என்ன இருக்கிறது?

"ஒரு நாளைக்கு எத்தின பேர் வாற?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த கட்டிலில் இருந்து கணபதி சொன்னான்: "நேத்து ஆறு பேர் மிசி. முந்தநாள் அஞ்சு. தேன் கொண்டுவந்த ஆளுக்கு மூண்டு தரம் பாத்துச் சொன்னவர்."

மிசி ஓட்டமாகப் போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் இருந்தார். "தின்னேல்லை எண்டு ஆணையிட்டீர்?"

"தின்னல்லத்தான் ஐயா. இது ருசி பாக்கிற." எனக்குக் கோபம் கூட வந்தது. படித்த மனிசனுக்கு இது தெரியாதா? "ஐயா, நாங்க நோன்பு புடிக்கிற நாளைக்கும் சமைக்கிற ஆள் நாக்கு நுனில வெச்சிப் பாக்கலாம். நோன்பு முறியாது. எங்கட ஆலிம்சா சொல்லித் தந்த சட்டம். நோன்பே முறியாத ருசி, உங்கட பத்தியத்த எப்படி முறிக்கும்?"

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஹாஜரா ராத்தாவும் தலையை ஆட்டினாள். டொக்டர் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கேட்டார்: "நோன்பிலை ருசி பாத்த பிறகு என்ன செய்வீர்?"

"துப்பிடுவன். விழுங்கினா நோன்பு முறியுமே."

"இஞ்சை?"

நான் வாயைத் திறந்தேன். கண் தானாகச் சுவருக்குப் போனது. என் கட்டிலுக்கு நேரே, கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதித் தொங்கியது: இங்கே துப்பக் கூடாது.

"போட் போட்டிரிக்கி ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கணபதி தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். "ஐயோ, விலா! விலா!" என்று கத்தினான். டொக்டரின் உதடு துடித்தது, ஆனால் அவர் அடக்கிக்கொண்டார். மிசியிடம் ஒரு சின்னத் தட்டைக் கேட்டார். நேற்று ஆறு பேருக்கு எப்படி எப்படித் தொட்டேனோ, அதே மாதிரி ஹாஜரா ராத்தாவின் சட்டியில் இருந்து தொட்டுத் தட்டில் வைக்கச் சொன்னார். நான் நேர்மையான ஆள், ஒவ்வொருத்தருக்கும் தொட்ட மாதிரியே தொட்டு வைத்தேன். தாச்சி பிடித்த விரல் என்னுடையது, மெல்லிய விரல் இல்லை. வைத்து முடித்தால் தட்டில் ஒரு கோழி முட்டை அளவுக்குத் தொதல். அதன் மேல் பாணி வழிந்துகொண்டிருக்கிறது.

"உம்மடை கூப்பன் சீனியை விட இது கூட" என்றார் டொக்டர். "ஊரிலை இருக்கிற சீனி, சக்கரை, தேன் எல்லாம் வரிசையிலை நிண்டு உம்மடை விரலுக்குத்தான் வந்திருக்கு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கூடைதான் நினைவுக்கு வந்தது. கட்டில் கட்டிலாக முகங்கள் திரும்பியது, அவள் ரொட்டித் துண்டுகளைத் திரும்ப அடுக்கினது. "மிசி, வெளியில மரத்தடில என்ட பொண்டாட்டி இரிப்பா. கொஞ்சம் கூப்பிடுங்க" என்றேன்.

ஆசியா வந்து கட்டிலுக்குத் தள்ளி நின்றாள். எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். நாலு பேருக்கு முன்னால் செய்த பிழையை நாலு பேருக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். "ஆசியா, சீனி உன்ட கூடைலருந்து வரல்ல. என்ட விரல்லருந்து வந்திரிக்கி. நான்தான் பிழ. என்ன மன்னிச்சிடு" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அல்லாவே! நானும்தானே பக்கத்தில இருந்து பாத்த. இருவது வருசமாக் கண்ட விரல், கண்ணில படாமப் போச்சே" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "கூடைய நீங்க ஒருக்காக் கொட்டிப் பாத்தீங்க. இனி உங்கட விரல நான் ஒவ்வொரு நாளும் பாப்பன்" என்றாள். அதில் விளையாட்டும் இருந்தது, விளையாட்டில்லாததும் இருந்தது. எனக்கு அது போதும்.

ஹாஜரா ராத்தாவே வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருத்தரின் சிமிழையும் திருப்பி அனுப்பினாள். என் விரலில் மிசி ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள், புண் இல்லாத விரலுக்குக் கட்டு. டொக்டர் நாலு நாளை ஏழு நாளாக்கித் தந்தார். ஒவ்வொரு விடியலும் ஆசியா மிசியின் பக்கத்தில் நின்று குழாயைப் பார்ப்பாள். செங்கட்டி, செம்மஞ்சள், மஞ்சள். பிறகு பச்சை. பச்சையில் இரண்டு நாள் நின்று உயிரை வாங்கியது.

ஏழாம் நாள் காலையில் மிசி குழாயைச் சூடாக்கினாள். நீலம். இன்னும் சூடாக்கினாள். நீலம். கொதித்துக் குமிழி விட்டது, அப்போதும் நீலம். ஆசியா யன்னலைத் திறந்துவிட்டு, குழாயையும் வெளியே தெரிகிற வாவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கணபதி தன்னுடைய சாமியைக் கூப்பிட்டான். மிசி சிலுவை போட்டாள். அன்றைக்குப் புண்ணைக் கழுவும்போது முதன்முதலாக எனக்குச் சுரீரென்று நொந்தது. "ஆ!" என்று கத்தினேன். "இன்னொருக்காக் கத்துங்க காக்கா" என்றாள் மிசி, கண் கலங்கி.

சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். அது போகட்டும், அந்த விரலால் எனக்குப் பெரிய வேலை ஒன்றும் இருந்ததில்லை. அடுத்த விரல் பிழைத்துக்கொண்டது. கால் இருக்கிறது. ஊசியை எப்படி அவிப்பது, எப்படிக் குத்துவது என்று மிசி ஆசியாவுக்குப் பழக்கிவிட்டாள். ஆசியா மிசியை விட மெதுவாகக் குத்துவாள். போகும்போது டொக்டர் என் தோளில் தட்டி, "காணும், இனி நோன்பெண்டால் நோன்புதான்" என்றார். "ஓம் ஐயா" என்றேன். எனக்கு அந்த மனிசனைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

போன கிழமைதான் ஹாஜரா ராத்தாவின் மகள் கலியாணம். தாச்சி வைத்தோம். செருப்புப் போட்டு, தணலுக்குத் தள்ளி, வலது காலை ஊன்றி நின்றேன். கால் பிடித்தது. பாணி கொதித்து நுரை அடங்கியது. அகப்பையை உயர்த்தி ஊற்றினேன். ஒழுகுகிற விதம் சரி. விரலில் தொட்டு இழுத்தேன். கம்பி சரி. பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. விரல் தன்பாட்டில் வாய்க்கு ஏறிக்கொண்டிருந்தது.

பட்டென்று கையில் ஒரு அடி. ஆசியா அகப்பைக் காம்போடு நிற்கிறாள்.

"காலா, நாக்கா?" என்று கேட்டாள்.

கலியாண வீடே திரும்பிப் பார்த்தது. நான் காலைக் குனிந்து பார்த்தேன். பிறகு அந்த விரலை அவள் வாய்க்கு நீட்டினேன். அத்தனை பேருக்கும் முன்னால். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் விடவில்லை. நாவில் வைத்தாள், கண்ணை மூடினாள், நான் எப்படி நிற்பேனோ அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இன்னும் ரெண்டு கொதி" என்றாள்.

ரெண்டு கொதி விட்டேன். தொதல் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறதாம்.